மச்சாள் ‘பிழை’ என்று சொல்லும்வரை

1

இன்று காலை என் மகள் கயல் ஒரு குவளை பசும்பாலை முழுதாகக் குடித்தாள். ஒன்றும் நடக்கவில்லை. வாந்தி இல்லை, தடிப்பு இல்லை, காலை மடக்கிக்கொண்டு கத்தும் அழுகை இல்லை. வெறுங் குவளையை மேசையில் இரண்டு தரம் குத்தி, “மெர் மெல்க்” என்றாள். நோர்வேஜிய மொழியில், இன்னும் பால் வேண்டுமாம். பால் என்ற தமிழ்ச்சொல் அவளுக்கு வராததற்கு நான்தான் காரணம். ஒன்றரை வருடமாக இந்த வீட்டில் அதைக் கெட்டவார்த்தை போல வைத்திருந்தேன்.

குழந்தைகள் கிளினிக்கில் ஒரு தாள் தந்திருந்தார்கள். முதலில் பால் கலந்த பிஸ்கற்றில் ஒரு துண்டு. ஒன்றும் செய்யாவிட்டால் சில நாள் கழித்து முழு பிஸ்கற். பிறகு கேக், பிறகு சீஸ், பிறகு தயிர், கடைசியில் வெறும் பால். நாலு மாதமாக அந்தப் படிகளில் ஏறி இன்று உச்சிக்கு வந்துவிட்டோம். என் கணவர் செந்தூரன் முழுவதையும் தொலைபேசியில் படம் பிடித்தார்.

“அக்காவுக்கு அனுப்பட்டே?” என்று கேட்டார்.

“அனுப்பிப் பாருங்கோ.”

அவர் அனுப்பவில்லை. தொலைபேசியைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

சந்தோசப்பட வேண்டிய காலை. எனக்கோ கோபம். இவ்வளவுதானா? ஒரு குவளை வெள்ளைத் தண்ணீர். இதற்காகவா என்னை அந்தப் பாடு படுத்தினார்கள்? கயலைப் பகல்நேரப் பராமரிப்பில் விட்டுவிட்டு வந்து, வேலைக்கும் வரமுடியாது என்று சொல்லிவிட்டு, இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். கைக்குழந்தை வைத்திருக்கும் வன்னித் தாய்மார் வாசிக்க வேண்டும் என்பது ஒரு நோக்கம். புளியங்குளத்தில் ஒருவர் வாசிக்க வேண்டும் என்பது மற்றது. இரண்டாவதுதான் பெரிது. மறைக்க விரும்பவில்லை.

2

நான் மல்லாவிக்காரி. உயிரியல் படித்து, வவுனியாவில் பட்டம் எடுத்து, கலியாணம் கட்டி, நாலு வருடத்துக்கு முன் பேர்கன் நகரத்துக்கு வந்து சேர்ந்தவள். மீன் ஏற்றுமதி செய்யும் ஒரு இடத்தின் ஆய்வுகூடத்தில் வேலை. எதையும் ஆறப்போடத் தெரியாது. வந்த மூன்றாம் மாதமே மொழி வகுப்பில் ஆசிரியையின் பிழையைத் திருத்தப் போய் நானே பிழையாகி நின்றவள்.

கயல் மார்கழியில் பிறந்தாள். மூன்றாம் கிழமை தொடங்கியது அழுகை. குடிப்பாள், பாதியில் முதுகை வில்லாக வளைத்து உதறுவாள், கத்துவாள். கன்னம் முழுக்கச் சிவப்புத் தடிப்பு. பம்பர்ஸைக் கழற்றினால் பச்சை நிறச் சளி. வெளியே விடாமல் மழை. செந்தூரன் பஸ் ஓட்டுகிறவர். மாறி மாறி வரும் முறைவேலை. வீட்டில் நானும் பிள்ளையும் அழுகையும்.

அப்போது தொலைபேசியில் எனக்குத் துணையாக இருந்தவர் மச்சாள். செந்தூரனின் மூத்த அக்கா. பெயர் வேண்டாம், மச்சாள் என்றே எழுதுகிறேன். ஐம்பத்திரண்டு வயது. கணவனை யுத்தத்தில் இழந்தவர். புளியங்குளத்தில் ஐந்து பசு வைத்திருக்கிறார். இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து, திரும்பி வந்து, முதல் வாங்கிய ஒற்றைப் பசுவின் பாலை விற்றும் ஊற்றியும்தான் தன் மகன் கஜனையும் தம்பி செந்தூரனையும் ஆளாக்கினார். ஆகவே பால் என்றால் அவருக்கு மருந்து, மானம், கடவுள் எல்லாம்.

“தாய் பால் குடிச்சாத்தான் பிள்ளைக்குப் பால் ஊறும். ஒரு நாளைக்கு எத்தினை கப் குடிக்கிறீர்?”

“ரெண்டு, மச்சாள்.”

“காணாது. நாலு குடியும். உள்ளிப்பூடு போட்டுக் காய்ச்சிக் குடியும்.”

நாலு குடித்தேன். பிறகு ஐந்து. பிறகு ஒரு லீற்றர் பெட்டி ஒன்று ஒரு நாளில் முடிந்தது. எவ்வளவு குடித்தேனோ அவ்வளவுக்குக் கயல் கத்தினாள். வீடியோவில் பிள்ளையின் கன்னத்தைப் பார்த்துவிட்டு மச்சாள் தீர்ப்புச் சொன்னார்.

“இது கிரந்தி, சூட்டில வாற தடிப்பு. உம்மட பால் சூடு. பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளேல்ல. பாலை நிப்பாட்டிப்போட்டு பசுப்பால் தண்ணி கலந்து குடும்.”

நான் நிறுத்தவில்லை. படித்த திமிர் என்று சொன்னால் சொல்லட்டும் என்று நினைத்தேன். அதைத்தான் சொன்னார், எனக்கில்லை, குடும்பத்துக்கு. எங்கள் வட்ஸ்அப் குறூப்பில் அறுபத்து மூன்று பேர். ரொறன்ரோவில் இருந்து மல்லாவிவரை. என் அம்மாவும் இருக்கிறார், அண்ணாவும் இருக்கிறார். மாசி மாதத்தில் ஒரு நாள் அதில் மச்சாளின் குரல் வந்தது.

“என்ர தம்பியின்ர பிள்ளை எலும்பும் தோலுமாக் கிடக்கு. தாய்க்குப் பாலில்லை. இல்லையெண்டு ஒத்துக்கொள்ளவும் மாட்டா. மாப்பாலும் குடுக்க மாட்டா. படிச்ச பிள்ளையாம், பச்சைப் பிள்ளையைப் பட்டினி போடுறா. ஆராவது சொல்லுங்கோ அவவுக்கு.”

ஆராவது சொன்னார்கள். பாரிசில் இருந்து சொன்னார்கள், லண்டனில் இருந்து சொன்னார்கள். நான் கண்டே இராத ஒரு சித்தப்பா அழுகிற முகம் ஒன்று போட்டார். என் அம்மா தனியாக எடுத்து, “உண்மையோ பிள்ளை?” என்று கேட்டா. அம்மாவின் அந்தக் கேள்விக்காக நான் மச்சாளை இன்றுவரை விடவில்லை.

3

அடுத்த கிழமை பம்பர்ஸில் சிவப்பு நூல் நூலாக இரத்தம். அப்படியே பொலித்தீன் பையில் போட்டு எடுத்துக்கொண்டு ஓடினேன். கிளினிக்கில் தாதி என்ன பிரச்சினை என்று கேட்டார். சளி என்பதற்கு நோர்வேஜிய மொழியில் என்ன சொல் என்று எனக்கு மறந்துபோனது. மீனின் சளிக்கு ஆய்வுகூடத்தில் ஒரு சொல் இருக்கிறது; அதைச் சொன்னால் பிள்ளையை மீன் என்கிறேன் என்று நினைப்பாரோ என்று பயம். பையைத் திறந்து மேசையில் வைத்தேன்.

அந்த மனுசி முகத்தைச் சுழிக்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். “கொண்டு வந்தது மிக நல்லது” என்றார். ஏழு கிழமையில் ஒரு ஆள் என்னிடம் நல்லது என்று சொன்னது அன்றுதான். அங்கேயே அழுதுவிட்டேன்.

வைத்தியர் பிள்ளையைச் சோதித்துவிட்டுக் கேட்ட கேள்வி இதுதான்: “நீங்கள் பால் குடிப்பீர்களா?”

இந்த இடத்தை ஆறுதலாக வாசியுங்கள். பசுப்பாலில் இருக்கும் புரதம் சில குழந்தைகளின் குடலுக்கு ஒத்துவராது. நேரே குடித்தால்தான் என்றில்லை. தாய் குடித்தால் அந்தப் புரதத்தில் கொஞ்சம் தாய்ப்பால் வழியாகவும் பிள்ளைக்குப் போகும். குடல் புண்ணாகும், சளியும் இரத்தமும் வரும், தோல் தடிக்கும், பிள்ளை குடிக்கக் குடிக்க அழும். தாய்ப்பாலில் பிழை இல்லை. தாய்ப்பாலை நிறுத்தவும் தேவையில்லை. தாய் தன் சாப்பாட்டில் இருந்து பால், தயிர், மோர், நெய், பட்டர், சீஸ், பால்மா போட்ட பிஸ்கற் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். ஆட்டுப்பாலுக்கு மாறுவதும் உதவாது. அதுவும் கிட்டத்தட்ட அதே புரதம். தாய்ப்பால் கொடுக்க முடியாதவர்களுக்கு இதற்கென்றே புரதத்தை உடைத்துச் செய்த பால்மா இருக்கிறது. வைத்தியர் எழுதித் தருவார். பெரும்பாலான பிள்ளைகளுக்கு வளர வளரத் தானாகச் சரியாகிவிடும். ஆனால் நீங்களாகத் தீர்மானிக்காதீர்கள். பிள்ளையின் மலத்தில் இரத்தம் கண்டால் அன்றைக்கே வைத்தியரிடம் போங்கள்.

நான் நிறுத்தினேன். இந்த நாட்டில் அது லேசில்லை. பேக்கரிப் பாணில் பால், சொசேஜில் பால், உருளைக்கிழங்குப் பொரியலில்கூடப் பால்தூள். கடையில் ஒவ்வொரு பெட்டியாகத் திருப்பி வாசித்துக்கொண்டு நின்றதில், பாவம் என்று ஒரு கிழவர் தன் கண்ணாடியைத் தரப் பார்த்தார். கடைசியில் சோறு, பருப்பு, மீன், தேங்காய்ப்பால் என்று மல்லாவிக்கே திரும்பினேன். பத்தாம் நாள் பம்பர்ஸில் இரத்தம் இல்லை. மூன்றாம் கிழமை கயல் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்போடு ஒரு படமும், வைத்தியரின் கடிதத்தை நானே தமிழாக்கி அதையும், குறூப்பில் போட்டேன். அறுபத்து மூன்று பேரில் நாலு பேர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்கள். மச்சாள் எழுதினார்: “வெள்ளைக்காரருக்கு வாற வருத்தம் எங்கட பிள்ளைக்கு ஏன் வருது?”

அதற்குக் கீழே சிரிக்கிற முகங்கள். நாலல்ல, பதினேழு. எண்ணினேன். அன்றைக்கு முடிவெடுத்தேன்: என்னைப் பிழையென்று சொன்ன அதே வாய், அதே குறூப்பில், அதே அறுபத்து மூன்று பேருக்கு முன்னால், தான் பிழையென்று சொல்ல வேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

4

கயலுக்கு முதல் பல் முளைத்தது எட்டாம் மாதம். பல்லுக்கொழுக்கட்டை புளியங்குளத்தில் தான்தான் கொட்டுவேன் என்று மச்சாள் பிடிவாதம். செந்தூரனுக்கு விடுமுறை கிடைக்கவில்லை. நீர் தனியப் போகவேண்டாம் என்றார். போனேன். சண்டை பிடிக்கப் போகிறவளுக்குத் துணை எதற்கு?

மச்சாள் என்னை முற்றத்திலேயே கட்டிப்பிடித்தார். கயலைத் தூக்கி நுகர்ந்து, “என்ர தம்பியின்ர மூக்கு” என்று அழுதார். அவர் அழுததில் நடிப்பு இல்லை. எனக்கு அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

மறுநாள் கயலைப் பாயில் இருத்தி, தலைக்கு மேலே வெள்ளைத் துணி பிடித்து, குட்டிக் குட்டிக் கொழுக்கட்டைகளைக் கொட்டினார்கள். முன்னால் தட்டில் பேனை, புத்தகம், கண்ணாடி, சங்கிலி, கத்தரிக்கோல்; பிள்ளை எதை எடுக்கிறதோ அதுதான் அதன் வருங்காலமாம். கயல் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் தட்டையே பிடித்து இழுத்தாள். “நோர்வேயில சாப்பாட்டுக் கடை போடப்போறாள்” என்று கஜன் சொல்ல, எல்லோரும் சிரித்தோம். அந்தச் சிரிப்புக்குள்ளே மச்சாள் ஒரு கரண்டியைப் பிள்ளையின் வாய்க்குக் கொண்டுபோனதைக் கண்டேன். கையைப் பிடித்துவிட்டேன்.

“என்ன மச்சாள் அது?”

“ஒரு சொட்டுப் பால். எங்கட பசு செங்காரியின்ர. பிள்ளைக்கு ஒண்டும் செய்யாது.”

“பெட்டிப் பால் எண்டாலென்ன செங்காரியின்ர எண்டாலென்ன. வேண்டாம்.”

“உந்தப் பாலிலதான் உம்மட புருசன் வளந்தவன்.”

கரண்டியில் இருந்த பால் பாயில் சிந்தியது. வந்திருந்த சனம் பார்த்தது. மச்சாள் சிரித்துக்கொண்டே, “எங்கட பால் இவைக்குத் தீட்டு” என்றார். நானும் சிரித்தேன். உள்ளே பல்லைக் கடித்துக்கொண்டு.

5

அன்று பின்னேரம் கிணற்றடியில் தர்சிகாவைக் கண்டேன். தர்சிகா கஜனின் மனைவி, மச்சாளின் மருமகள். இருபத்திரண்டு வயது. கிளிநொச்சிப் பக்கம் குடியேறிய மலையகக் குடும்பத்துப் பிள்ளை, காதல் கலியாணம். அவளுக்கு ஆறு கிழமை ஆண்குழந்தை. வாளியில் குழந்தையின் துணிகளை அலசிக்கொண்டு நின்றாள். நான் வாளிக்குள் பார்த்தேன். பச்சைச் சளி. அதில் சிவப்பு நூல்கள்.

“எத்தினை நாளா இப்பிடி?” என்றேன்.

“பத்து நாளா இருக்கும் அக்கா. மாமி கிரந்தின்னு சொல்றாங்க. எண்ணெய் வைக்கிறோம். என் பால் சூடாம்.” தலையைக் குனிந்துகொண்டாள். “எங்க ஆளுகளுக்குப் பிள்ளை வளக்கத் தெரியாதுன்னும் சொல்றாங்க.”

“நீர் பால் குடிக்கிறீரோ?”

“காலைல ரெண்டு கப்பு, ராவுக்கு ரெண்டு கப்பு. மாமி முன்னுக்கு நின்னு குடிக்க வைப்பாங்க. நல்லதுக்குத்தானே.”

“மிட்வைஃப் அக்கா வாறேல்லையோ?”

“வர்றாங்க. மாமிதான் பேசுவாங்க. எல்லாம் நல்லம்னு சொல்லி அனுப்பிடுவாங்க.” பிறகு என் முகத்தைப் பார்த்தாள். “உங்களுக்கு இது என்னன்னு தெரியுமா அக்கா?”

எனக்குத் தெரியும். ஒரு வசனம் போதும். அந்த வசனம் நாக்கு நுனியில் நின்றது. அதே நேரம் இன்னொன்றும் வந்து நின்றது: கிடைத்துவிட்டது. அரை வருடமாகத் தேடியது கைக்குள் வந்துவிட்டது. வெள்ளைக்காரரின் வருத்தம் மச்சாளின் வீட்டுக்குள்ளேயே, அவரின் பேரனின் வயிற்றிலேயே, அவர் கையால் கறந்த பாலினாலேயே வந்திருக்கிறது.

“பயப்பிடாதையும்” என்றேன் தர்சிகாவிடம். “ரெண்டு நாளில சொல்லுறன்.”

6

மச்சாள் பட்டியில் கறந்துகொண்டிருந்தார். பின்னால் போய் நின்றேன்.

“மச்சாள், உங்கட பேரனுக்குக் கிரந்தி இல்லை.”

“அப்ப என்னவாம்?”

“என்ன எண்டு எனக்குத் தெரியும். சுகமாக்கவும் தெரியும்.”

“தெரிஞ்சாச் சொல்லுமன்.”

“சொல்லுறன். முதல் நீங்கள் குறூப்பில ஒரு வொய்ஸ் போடுங்கோ. நான் கயலைப் பட்டினி போடேல்ல, நீங்கள் சொன்னது பிழை எண்டு. அறுபத்து மூண்டு பேரும் கேக்கவேணும்.”

கறக்கிற சத்தம் நின்றது. திரும்பி என்னைப் பார்த்தார்.

“பிள்ளையை வைச்சுப் பேரம் பேசுறீரோ?”

“நீங்கள் என்ர பிள்ளையை வைச்சு என்ன பேசினனீங்கள்?”

“நான் பயத்தில பேசினனான். அங்க தனியக் கிடந்து பிள்ளை செத்துப்போமெண்டு பயம்.”

“பயந்தவை எனக்கெல்லோ எடுத்துக் கதைக்கவேணும்? குறூப்புக்கே கதைக்கிறது?”

“போடமாட்டன்.”

“அப்ப நானும் சொல்லமாட்டன்.” இரண்டு அடி நடந்துவிட்டு, இன்னும் கொஞ்சம் குத்த வேண்டும் போல இருந்தது. திரும்பிச் சொன்னேன்: “பிள்ளையின்ர சாப்பாட்டிலதான் பிழை இருக்கு. இவ்வளவும் சும்மா சொல்லுறன். மிச்சத்துக்கு நீங்கள் வாயைத் திறக்கவேணும்.”

அடுத்த பஸ்ஸில் கயலோடு மாங்குளம் வந்து, அங்கிருந்து மல்லாவிக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விட்டேன்.

என் மனதில் கணக்குச் சரியாக இருந்தது. கயல் இப்படி நாலு கிழமை இருந்தாள், ஒன்றும் ஆகவில்லை. தர்சிகாவின் குழந்தை கொழுகொழுவென்று இருக்கிறது, நன்றாகக் குடிக்கிறது. இரண்டு மூன்று நாளில் என்ன வந்துவிடப் போகிறது? அன்றைக்கே வைத்தியரிடம் போங்கள் என்று மேலே உங்களுக்கு எழுதியவள்தான் இப்படி நினைத்தாள்.

7

முதல் நாள் மச்சாளிடம் இருந்து ஒன்றும் இல்லை. இரண்டாம் நாளும் இல்லை. நான் மல்லாவிச் சந்தைக்குப் போனேன், கூடப் படித்தவளைக் கண்டேன், ஐஸ்கிறீம் வேண்டாம் என்று சொல்லிச் சர்பத் குடித்தேன். நிமிடத்துக்கு ஒருமுறை தொலைபேசியைப் பார்த்தேன். அம்மா, “ஆற்ற ஃபோனைப் பாத்துக்கொண்டிருக்கிறாய்?” என்று கேட்டா. “ஒரு ஆள் மன்னிப்புக் கேக்கோணும், அதைத்தான்” என்றேன். அம்மா என்னை ஒருமாதிரிப் பார்த்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டா.

மூன்றாம் நாள் மத்தியானம் வந்தது. நாற்பத்தொரு வினாடி.

“எல்லாருக்கும் வணக்கம். மாசி மாசம் நான் தம்பியின்ர மனுசியைப் பற்றி ஒரு கதை சொன்னனான். பிள்ளையைப் பட்டினி போடுறா எண்டு. அது பிழை. அவா போடேல்ல. பிள்ளைக்கு வருத்தம் இருந்தது, எனக்கு விளங்கேல்ல. நான் சொன்னதை ஒருத்தரும் மனசில வைச்சிருக்காதேங்கோ.”

அம்மாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்திப் போட்டுக் காட்டினேன். அண்ணாவுக்குப் போட்டேன். பேர்கனுக்கு எடுத்துச் செந்தூரனுக்கும் தொலைபேசியிலேயே போட்டுக் கேட்கவைத்தேன். அந்த நாற்பத்தொரு வினாடி என் வாழ்க்கையில் இனிப்பான நாற்பத்தொரு வினாடி. பொய் சொல்ல மாட்டேன்.

நாலாம் தரம் கேட்கும்போதுதான் பின்னால் இருந்த சத்தம் காதில் விழுந்தது. குழந்தை அழுகிறது. கத்தி அழவில்லை. பூனைக்குட்டி முனகுவதைப் போல, விட்டு விட்டு.

மச்சாளுக்கு எடுத்தேன். பதில் இல்லை. தர்சிகாவுக்கு எடுத்தேன். இல்லை. கயலை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, அண்ணாவின் மோட்டார் சைக்கிளில் மாங்குளம்வரை போய், ஏ ஒன்பது வீதியில் பஸ் ஏறினேன்.

8

தர்சிகா விறாந்தையில் கதிரையில் இருந்தாள். நெஞ்சைச் சுற்றி இறுக்கிக் கட்டிய சேலைத்துணி. அதற்குள்ளே இருந்து மல்லிகைப்பூ மணத்தது. எனக்கு விளங்க ஒரு கணம் எடுத்தது. பால் வற்றுவதற்கு மல்லிகைப்பூ வைத்துக் கட்டுவார்கள்.

“ஆர் கட்டினது?” என்றேன்.

மச்சாள்தான் பதில் சொன்னார். மடியில் குழந்தை. கையில் போத்தில். “நீர்தானே சொன்னனீர் பிள்ளையின்ர சாப்பாட்டிலதான் பிழை எண்டு. ஆறு கிழமைப் பிள்ளைக்குத் தாய்ப்பாலை விட்டா வேற என்ன சாப்பாடு? அண்டைக்கே நிப்பாட்டிப்போட்டன். செங்காரியின்ர பாலைத்தான் தண்ணி விட்டுக் காய்ச்சிக் குடுக்கிறன். முதல் நாள் குடிச்சான். இப்ப எல்லாத்தையும் சத்தி எடுக்கிறான். வயித்தாலயும் போகுது.” என்னை நிமிர்ந்து பார்த்தார். “நீர் கேட்டதைப் போட்டிட்டன். இனிச் சொல்லும்.”

குழந்தையின் உச்சிக்குழி பள்ளமாக இருந்தது. வாய் காய்ந்திருந்தது. வீதிக்கு ஓடி ஓட்டோ பிடித்தேன்.

வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், ஓட்டோவின் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்திச் சொன்னேன். பசுப்பால்தான் ஒத்துவராதது, தாய் குடித்த பசுப்பால், தாய்ப்பாலில் பிழையில்லை, தாய்ப்பாலை நிறுத்தியிருக்கக்கூடாது. மச்சாள் கையில் இருந்த போத்திலைப் பார்த்தார். அதை ஓட்டோவுக்கு வெளியே வீசினார்.

தர்சிகா கேட்டாள், “எப்பயிருந்து தெரியும் அக்கா?”

“கிணத்தடியில கண்டபோதே.”

“ரெண்டு நாளில சொல்றேன்னு சொன்னீங்க.”

“ஓம்.”

“எதுக்கு ரெண்டு நாளு?”

நான் மச்சாளைப் பார்த்தேன். மச்சாள் வெளியே பார்த்தார். சொல்லியிருக்கலாம் அவர்; பேரம் பேசினவள் இவள்தான் என்று. சொல்லவில்லை. நானேதான் சொன்னேன். தர்சிகா முழுவதையும் கேட்டாள். குழந்தையின் கால்களைத் துணியால் மூடிவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் பிள்ளைக்குச் சேலைன் ஏற்றினார்கள். விசயத்தைச் சொன்னதும் வைத்தியர் உடனே பிடித்துக்கொண்டார்; அந்த விசேட பால்மாவையும் எழுதினார். கஜன் கொழும்புக்குப் போய் வாங்கி வந்தான். நாலாம் நாள் பிள்ளை கண்ணை விழித்துப் பார்க்கத் தொடங்கியது. தர்சிகா மல்லிகைப்பூவை அவிழ்த்தெறிந்துவிட்டுப் பிள்ளையை மார்பில் போட்டுப் பார்த்தாள். தாதிமார் பக்கத்தில் இருந்து உதவினார்கள். அவள் பால் இல்லாமல் சாப்பிட்டாள், தண்ணீர் தண்ணீராகக் குடித்தாள். குழந்தை போத்திலுக்குப் பழகிவிட்டது. பால் திரும்பி வரவில்லை.

அவளுக்குப் பால் இருந்தது. நல்ல பால். அந்தப் பாலைப் பிள்ளையிடமிருந்து எடுத்ததில் மச்சாளுக்கு எவ்வளவு பங்கோ அதைவிட எனக்குக் கூடுதல். இருந்தும் மச்சாளை நான் மன்னிக்கவில்லை. மாசி மாதத்து அந்தக் குரல் என் அம்மாவின் காதில் இருந்து போகாது. இதை வாசிக்கும்போது அவர் இரண்டையும் வாசிக்கட்டும்: அவர் எனக்குச் செய்ததை அச்சில் போட்டுவிட்டேன், நான் செய்ததையும் அவருக்குப் பக்கத்திலேயே போட்டுவிட்டேன்.

பிள்ளையை வீட்டுக்கு விட்ட அன்று நானும் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். கஜன் ஓட்டோ பிடிக்கப் போயிருந்தான். தர்சிகாவின் ஒரு கையில் குழந்தை, மறு கையில் உடுப்புப் பை, கக்கத்தில் மருந்துச் சீட்டுகள். செருப்பைப் போட முடியாமல் தடுமாறினாள். நான் குழந்தையை வாங்கக் கையை நீட்டினேன். அவளுக்குக் கிட்ட நின்றது நான்தான். மச்சாள் நாலு கட்டில் தள்ளி, சுவரோடு ஒதுங்கி, கிட்ட வரத் துணியாமல் நின்றார்.

தர்சிகா என் கையைப் பார்த்தாள். பிறகு என்னைச் சுற்றிக்கொண்டு, வெறுங்காலோடு நாலு கட்டிலும் கடந்து நடந்துபோய், குழந்தையை மச்சாளின் கையில் கொடுத்தாள்.